சாயாத ஊசி

நிலாவெளி வீதிக்கு உள்ளே,
பள்ளிக்கூட மைதானத்தின் வடக்கு மூலையில்
காந்தம் அமைதியாயிருக்கும் ஓர் இடம் தேடுகிறோம்,
நானும் யூட் அன்ரனும்.

பனையடியில் கிடங்கு வெட்டினால் பழைய தகரம்.
மதிலோரம் போனால் கொங்கிரீட்டுக்குள் கம்பி.
ஓட்டோ ஒன்று கடந்தால் திரையில் எண்கள் துள்ளி அடங்கும்.
புல்மோட்டையிலிருந்து மணல் லொறி வந்தால்
அடங்க நெடுநேரம்.

யூட் இடுப்புப் பட்டியைக் கழற்றி வேலியில் போட்டான்.
நான் கொண்டையூசிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்
கைலேஞ்சியில் முடிந்தேன்.
"மிஸ், சங்கிலி?"
"பொன் பரவாயில்லை."

பித்தளை ஆணிக்கு மத்திய வீதியில் மூன்று கடை ஏறியிறங்கினோம்.
"வள்ளத்துக்கோ?" என்றார் முதலாளி.
"பூமிக்கு" என்றேன்.
ஒரு கணம் யோசித்துவிட்டு
"அப்ப அரைக் கிலோ காணாதே" என்றார்.

ஒருமுறை, தொண்ணூற்றிரண்டில்,
கந்தளாய்ச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள்.
என் பையில், சாமந்திப் பூவளவு திசையறிகருவி,
ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கியது.
எதற்கு என்று கேட்டான்.
வடக்கைப் பார்க்க என்று சொல்லிவிட்டேன்.
அந்தச் சொல்லுக்கு இருந்த மற்றப் பொருள்
அவன் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு வந்தது.

அடையாள அட்டையை உடைத்து உடைத்து வாசித்தான்:
கெங்கா. தேவி. வல்லிபுர...
மிச்சத்தை விட்டுவிட்டான்.
மருதமரத்தடியில் நாலு மணித்தியாலம்.
என்னை விட்டார்கள். ஊசி அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு நான் நெப்டியூனுக்குப் போனேன்.
போனேன் என்றால், குளிர்நாட்டுக் கட்டடம் ஒன்றின் நிலவறையில்
இருபத்தாறு வருடம்.
அந்தக் கோளின் காந்தம் சுழலச்சோடு ஒத்துப்போவதில்லை,
நாற்பத்தேழு பாகை சரிந்து நிற்கும்,
நடுமையத்திலும் இல்லை,
வாடகை வீட்டில் சாமிப்படம் மாட்டியதுபோல
கிடைத்த இடத்தில்.
ஒரேயொரு கலம், ஒரேயொரு தடவை,
நில்லாமல் கடந்துபோகையில் எடுத்த எண்கள்.
அதை வைத்தே எங்கள் தலைமுறை சோறு தின்றது.

மறுபடி போக நான் ஒரு கலம் கணக்கிட்டேன்.
கலத்துக்கும் தன் இரும்பு உண்டு, தன் மின்னோட்டம் உண்டு.
அதன் முணுமுணுப்புக் கேளாத தூரத்துக்கு
ஒரு நீண்ட கையை நீட்டி
அதன் நுனியில்தான் காந்தமானியை வைக்கவேண்டும்.
பத்து மீற்றரா, பன்னிரண்டா என்று
ஆறு வருடம் சண்டை பிடித்தோம்.
கை நீள நீளக் கலம் ஆடும்.
அந்தக் கையைப்பற்றி எனக்கு வேறெவரும் விளக்கத் தேவையில்லை.

மூன்று தடவை இறுதிச் சுற்று.
மூன்று தடவை மரியாதையான கடிதம்.
கலம் இன்னும் வரைபடத்தில்தான்.
அதன் கருவியின் சோதனைப் பிரதி ஒன்றை
ஓய்வுபெறும்போது எழுதிக் கேட்டு வாங்கினேன்.
அதுதான் இப்போது யூட்டின் மடியில்,
உமிப்பெட்டிக்குள், முட்டைபோல.

அங்கே ஊசியைத் தொங்கவிட்டால்
தலைகுப்புற நிலத்தைக் குத்தி நிற்கும்.
இங்கே குனிவதுமில்லை, நிமிர்வதுமில்லை.
காந்த நடுக்கோடு பக்கத்தில்தான் எங்கோ,
வருடா வருடம் கொஞ்சம் நகர்ந்துகொண்டு.
இந்த ஊரில் படித்த காலமெல்லாம்
இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
நெப்டியூனைப்பற்றிய ஒரு கட்டுரையின்
அடிக்குறிப்பில் வாசித்தேன்.

பதினொன்றே கால்.
கடற்படை மோட்டார்சைக்கிள் வந்து படலையில் நின்றது.
இளம் பெடியன், உடைந்த தமிழில் கேட்டான்:
இது எதுக்கு?

தலைமயிர் காற்றில் வாய்க்குள் போனது.
ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன்.
"முதலில் மோட்டார்சைக்கிளை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கோ,
பிறகு சொல்லுறன்."

தள்ளிக்கொண்டு போனான்.
எண்கள் அடங்கின.
பிறகு, மெதுவாய், ஏறத் தொடங்கின.
"லொறியோ மிஸ்?"
யூட் எழும்பி வீதியை எட்டிப் பார்த்தான்.
வீதியில் ஒன்றுமில்லை,
ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது.
எண்கள் ஏறிக்கொண்டேயிருந்தன.